மயில்துத்தம்

அவென்யூ ரோட்டில் கடைக்காரர் கேட்டார்:
நீலமா, பச்சையா?
இரண்டுக்கும் நடுவில் என்றேன்.
ஸ்டூலில் ஏறித் தூசி ஊதி
முப்பது மில்லி பாட்டில் ஒன்றை எடுத்து வைத்தார்.
லேபிளில் டர்க்காய்ஸ்.
புடவைக்கடையில் இதையே ராமா கிரீன் என்பார்கள்,
எதிர்க்கடையில் ஆனந்தா.
எனக்கு அது ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரி லேபில்
கண்ணாடிக் குடுவைக்குள் கிடந்த மயில்துத்தம்.
நாக்கில் வைக்காதே என்று எழுதி ஒட்டியிருக்கும்.
வைக்கவேண்டும் போலவே இருக்கும்.

முதலில் பேனாவைக் கழுவ வேண்டும்.
கறுப்பு சும்மா போகாது.
'கறுப்பு மைதான், நீலம்கூடக் கூடாது' என்று
வக்கீல் பாக்கியவதி சொல்லி
மார்ச்சில் நிரப்பியது.
பன்னிரண்டு கையெழுத்து. எல்லாம் ஒரே மாதிரி,
கடைசி மட்டும் கொஞ்சம் சாய்ந்து.
டம்ளர் டம்ளராகத் தண்ணீர் குடித்துத் துப்பியது நிப்:
சாம்பல், அப்புறம் புகை,
அப்புறம் தண்ணீர் போலத் தெரிந்த தண்ணீர்.

சிரிஞ்சால் நிரப்பினேன்.
முதல் வரி சேறு.
மே மாதத்து அல்சூர் ஏரி.
கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.
கழுவினது போதவில்லை, வேறொன்றுமில்லை.

என்ன எழுதுவது?
எல்லாரும் முதலில் தன் பெயரை எழுதிப் பார்ப்பார்களாம்.
அதைத்தான் பன்னிரண்டு முறை எழுதியாயிற்றே.
ழ எழுதினேன். ஒரு பக்கம் முழுக்க ழ.
பிறகு ஞ, ண, ஒரு பெரிய இ.
சுழித்த இடமெல்லாம் மை தேங்குகிறது,
இழுத்த இடம் வெளிறுகிறது.
ஃ போட்டேன்: மூன்று சின்னக் குட்டை.
ஓலை கிழியக்கூடாது என்று வளைத்த எழுத்து என்பார்கள்.
இந்த மைக்காகவும் வளைத்திருக்கலாம்.

ஏழாவது வரிக்குள் கறுப்பு தீர்ந்துவிட்டது.
எந்த எழுத்தில் தீர்ந்தது என்று
திரும்பப் போய்த் தேடினேன்.
கிடைக்கவில்லை.

அப்போது பார்த்துக் கரண்ட் போனது.
மழை. காக்ஸ் டவுன் முழுக்க இருட்டு.
செல்போன் டார்ச்சைத் தாளின் ஓரமாகப் படுக்கவைத்தேன்,
ழவின் வயிற்றில் சிவப்பு!
தேய்த்த செம்பு மாதிரி, வண்டின் முதுகு மாதிரி.
நிமிர்த்தினால் இல்லை, சாய்த்தால் உண்டு.
பாட்டிலில் இல்லாத நிறம்.
விளக்கு வரும்வரை
சாய்ப்பதும் நிமிர்த்துவதுமாக உட்கார்ந்திருந்தேன்,
பார்க்க யாரும் இல்லை என்கிற தைரியத்தில்.

படுக்கப்போகும் முன்
உருப்படியாக ஒன்றாவது எழுதுவோம் என்று
பால் போடும் முனிராஜுவுக்கு ஒரு சீட்டு, கன்னடத்தில்:
நாளெயிந்த அர்த லீட்டர் சாக்கு.
போதும் என்பதற்கு அவர்கள் சாக்கு என்பார்கள்.
நமக்கு அது வேறு.
நான்கு மாதமாக ஒரு லிட்டர் வாங்கிக்கொண்டிருந்தேன்,
நிறுத்தச் சொல்ல ஒரு சாக்கு கிடைக்காமல்.
கேட்டில் தொங்கும் பையில் செருகிவிட்டு வந்தேன்.

காலையில் பையில் இரண்டு பாக்கெட்.
சீட்டு இருந்தது, எழுத்து இல்லை.
வெளிறிய ஈரம் ஒன்று, அவ்வளவுதான்.
ஒரு பாக்கெட்டின் மேல் இளநீலமாய்க் கட்டைவிரல் ரேகை.
பாவம், பிரித்துப் படிக்கப் பார்த்திருக்கிறார்.
தண்ணீருக்குத் தாங்காது என்று
பாட்டிலின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது,
கறுப்பு மையில்.

இரண்டையும் காய்ச்சினேன்.
காப்பிக்குப் போக மிச்சத்துக்கு
உறை ஊற்றி மூடி வைத்திருக்கிறேன்.